தானாகப் படித்தவர் எங்கட ஊரில் இல்லை

சுவிற்சர்லாந்தின் லோசான் நகரத்துக்கு 1971இல் ஒரு வித்தியாசமான கொடை கிடைத்தது. ழான் துபுஃபே என்ற பிரெஞ்சு ஓவியர், ஓவியப் பள்ளி வாசலையே மிதிக்காத ஆக்கள் வரைந்ததையும் செய்ததையும் 1945இலிருந்து தேடித் தேடிச் சேர்த்தவர். அவர்களில் கனபேர் மனநல மருத்துவமனைகளில் அடைபட்டுக் கிடந்தவர்கள். அந்தச் சேகரிப்பை அவர் நகரத்துக்குக் கொடுக்க, 1976இல் ஒரு பழைய மாளிகையில் அது அருங்காட்சியகமாகத் திறந்தது. எங்கள் குழுவில் அந்த நாட்டில் இருக்கிறவர்கள் போய்ப் பார்த்தோம். பேசாலையில் இருக்கிறவர்கள் கைபேசி வழியாகக் கூடவே வந்தோம்.

கனநேரம் நின்றது அலோயிஸ் கோர்பாஸின் படங்களுக்கு முன்னால். 1886இல் அதே லோசானில் பிறந்த பெண். 1918இல் மருத்துவமனைக்குள் போனவர், 1964இல் சாகும்வரை வீடு திரும்பவில்லை. கையில் கிடைத்த கடுதாசிகளை ஊசி நூலால் தைத்துப் பெரிதாக்கி, இரண்டு பக்கமும் வரைந்திருக்கிறார். வண்ணம் இல்லாத நாளில் பூவிதழைக் கசக்கிய சாறு, பற்பசை. ஒரு சீலையை விரித்த அளவுக்கு நீளமான படங்களும் இருக்கின்றன.

அங்கே எங்களுக்கு இடறியது ஒரு சொல்தான்: 'தானாகக் கற்றவர்'. துபுஃபே இதில் கண்டிப்பான ஆள். ஊர் வழக்கத்தைப் பின்பற்றிச் செய்யும் நாட்டார் கலையைத் தன் சேகரிப்போடு அவர் சேர்க்கவில்லை. யாரையும் பார்க்காமல் ஒருவர் தனக்குள்ளிருந்து எடுத்ததே அவருக்கு வேண்டியிருந்தது. அப்ப எங்கட அண்ணாவியாரை எந்த அறையில வைக்கிறது? அவரும் எந்தக் கலைக் கல்லூரிக்கும் போகாதவர், பகலில் கடலுக்குப் போய் வந்தவர். ஆனால் தானாகப் படித்தவர் இல்லை. அவருக்கு ஒரு அண்ணாவியார், அந்த அண்ணாவியாருக்கு இன்னொருவர் என்று அது பின்னால் போய்க்கொண்டே இருக்கும்.

மன்னாரின் கத்தோலிக்கக் கூத்து மரபு அப்படித்தான் வந்தது. போர்த்துக்கேயர் 1560இல் தீவைப் பிடித்தார்கள், 1658இல் ஒல்லாந்தரிடம் இழந்தார்கள். ஒல்லாந்தர் காலத்தில் குருமார் ஒளித்துத் திரிய வேண்டியிருந்தது. போர்த்துக்கேயர் போனாலும் அவர்களின் சொற்கள் எங்கட பாட்டுக்குள்ளே தங்கிவிட்டன. 'என்றிக் எம்பரதோர்' நாடகத்தில் வரும் எம்பரதோர், அவர்களின் மொழியில் பேரரசன். அந்தப் பேரரசன் மத்தள அடிக்கு ஆடி வந்து, விருத்தம் பாடித்தான் தன்னை யாரென்று சொல்லுவான்! மாதோட்டப் பாங்கு, யாழ்ப்பாணப் பாங்கு என்று இரண்டு பாங்கு. எது மூத்தது என்ற சண்டை இப்பவும் முடியவில்லை.

பேசாலையின் உடக்குப் பாஸ் இதிலிருந்து வேறு. இயேசுவின் பாடுகளை மனிதர் நடிக்காமல் உருவங்களைக் கொண்டு காட்டுவது. உருவத்தைத் தனியே எடுத்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தால் அது வெறும் பொம்மை. பின்னால் நின்று அசைக்கிற கையும், வாசிக்கிற குரலும், முன்னால் அழுகிற சனமும் சேர்ந்தால்தான் பாஸ். லோசானில் ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில் ஒரு பெயர் இருந்தது. இங்கே அந்த அட்டையில் யாருடைய பெயரை எழுதுவது?

1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மன்னார்க் கூத்துகளை அச்சுக்குக் கொண்டுவந்தார்: 1964இல் 'என்றிக் எம்பரதோர்', 1966இல் 'மூவிராசாக்கள்', 1967இல் 'ஞானசவுந்தரி'. அந்த வேலை இல்லாவிட்டால் எங்கட தலைமுறைக்கு இவை பெயராகக்கூட வந்திருக்காது. ஆனாலும் அச்சில் சொல் வந்தது, மெட்டு வரவில்லை. தருவை எந்த இடத்தில் இழுக்கிறது, மத்தளம் எந்த இடத்தில் நிற்கிறது என்பது அண்ணாவியாரின் தொண்டைக்குள்ளும் விரலுக்குள்ளும்தான் இருந்தது.

பிறகு வந்த காலத்தை ஊரில் எல்லாருக்கும் தெரியும். 1990இல் சனம் படகேறி இராமேஸ்வரம் போனது. 2006 ஜூன் 17இல், வெற்றி அன்னை ஆலயத்துக்குள் அடைக்கலம் தேடியிருந்த சனத்தின் மேலேயே குண்டு வீசப்பட்டது, மறுபடியும் படகுகள். படகேறும்போது பிள்ளையையும் ஒரு பை உடுப்பையும்தான் தூக்கலாம். கூத்துக் கொப்பியைத் தூக்க யாருக்குக் கை இருந்தது?

ஊருக்கு ஒரு அருங்காட்சியகம் வேணும் என்ற கதை எங்களுக்குள்ளும் வந்தது. கொப்பிகளுக்கும் பழைய உடுப்புகளுக்கும் அது நல்லதுதான். பாட்டு அதுக்குள்ள அடங்காது. அதனால் முதலில் கைபேசியோடு வயதானவர்களின் திண்ணைக்குப் போகத் தொடங்கியிருக்கிறோம். 'மூவிராசாக்கள்' விருத்தம் ஒன்றை இரண்டு அண்ணாவிமார் இரண்டு மாதிரி இழுக்கினம். மற்றவர் பாடுவது பிழை என்று இரண்டுபேருமே சொல்லுகினம். இரண்டையும் பதிந்து வைத்திருக்கிறோம்.