கேட்பாரற்ற பொதுச் சொத்து

தீப்பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் படத்தை யார் ஊன்றிப் பார்க்கிறார்கள்? குச்சி தீர்ந்ததும் பெட்டி குப்பைக்குப் போகிறது. அதோடு மயிலும் போகிறது, ரோஜாப் பூவும் போகிறது. பழைய பாளையப்பட்டுகளில் ஒன்றான ஏழாயிரம்பண்ணையை இன்று வெளியூர்க்காரர்கள் தீப்பெட்டியையும் பட்டாசையும் கொண்டே அறிவார்கள். வெடிக்கும் சரக்கை அந்த வட்டாரம் செய்தது. சரக்குக்கு முகத்தை எழுதிக் கொடுத்தது சிவகாசி அச்சுக்கூடம்.

அந்த முகத்தை எழுதுவது லேசான காரியமாக இருக்கவில்லை. கல் அச்சு முறையில், ஒரு வண்ணத்துக்கு ஒரு கல். மஞ்சளுக்கு ஒன்று, சிவப்புக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று, கறுப்புக்கு ஒன்று. சித்திரக்காரர் கண்ணாலேயே வண்ணங்களைப் பிரித்து, புள்ளி புள்ளியாகக் கல்லில் வைப்பார். புள்ளி நெருங்கினால் நிழல், விலகினால் வெளிச்சம். கோவில்பட்டியில் குடியேறிய கொண்டையராஜு (1898–1976) தீட்டிய தெய்வப் படங்கள் நாடெங்கும் காலண்டர்களில் தொங்கியதும் சிவகாசி அச்சின் துணையால்தான்.

ஆனால் கல்லுக்கு விலை அதிகம். ஒரு படம் அச்சாகி முடிந்ததும் கல்லைத் தேய்த்துவிட்டு, அதே கல்லில் அடுத்த படத்தை எழுதுவார்கள். மூலப் படம் அன்றோடு சரி! யாரோ ஒருவர் லேபிள்களைச் சேர்த்து வைத்திருந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை.

இதே கதை கம்ப்யூட்டர் உலகத்திலும் நடந்திருக்கிறது என்றால் வாசகர்கள் வியப்படையலாம். கம்ப்யூட்டருக்கும் படம் என்பது புள்ளிகளே. ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண். கறுப்பு வெள்ளைப் படமானால் பெரும்பாலும் 0 முதல் 255 வரை. படத்தில் சொரசொரப்பு இருக்கிறதா? ஒரு புள்ளியையும் அதைச் சுற்றியுள்ள எட்டுப் புள்ளிகளையும் கூட்டி ஒன்பதால் வகுத்து, வந்த சராசரியை அந்தப் புள்ளிக்குக் கொடுத்துவிட வேண்டியது. அக்கம்பக்கத்தாரோடு ஒத்துப்போகச் சொல்வது மாதிரிதான்! கல்லின் முன்னே குனிந்திருந்த சித்திரக்காரரின் கை செய்ததை, இங்கே கணக்கு செய்கிறது.

1980களில் இந்தக் கணக்கு பெரிய ஆராய்ச்சிக்கூடங்களை விட்டு வீட்டு மேஜைக்கு இறங்கி வந்தது. அமெரிக்க சர்க்காரின் தேசிய சுகாதார நிலையத்தில் பணியாற்றிய வேய்ன் ராஸ்பாண்ட் 1987-இல் மாக்கின்டாஷ் கம்ப்யூட்டருக்காக ‘என்.ஐ.எச். இமேஜ்’ என்ற நிரலை எழுதினார். நுண்ணோக்கியில் தெரியும் உயிரணுவை அளக்கவும், மங்கிய படத்தைத் தெளிவாக்கவும் அது பயன்பட்டது. விலை ஒரு சல்லிக்காசும் இல்லை. நிரலின் மூலத்தையும் சேர்த்தே கொடுத்தார்கள். காரணம், அமெரிக்கச் சட்டப்படி மத்திய சர்க்கார் ஊழியர் அலுவல் முறையில் படைத்ததற்கு அந்நாட்டில் பதிப்புரிமை கிடையாது. அது மக்களின் பொதுச் சொத்து. நம் நாட்டுச் சட்டமோ சர்க்கார் வெளியீடுகளுக்கும் அறுபது ஆண்டு உரிமை வைத்திருக்கிறது. எண்ணிப் பார்க்க வேண்டிய வேறுபாடு அல்லவா?

பொதுச் சொத்துக்கு ஒரு சாபமும் உண்டு. தன் வீட்டுக் கிணற்றை ஒருவன் வருஷந்தோறும் தூர் வாருவான். ஊருணியை யார் வாருவது? விற்பனைச் சரக்கைக் காக்க ஒரு முதலாளி இருக்கிறான். இலவச நிரலைக் காக்க ஒருவருமில்லை. அது பிளாப்பித் தகடுகளில் கைமாறிக் கைமாறிப் போய், கடைசியில் தகட்டின் காந்தம் மங்கியதும் மறைந்துவிடுகிறது.

நல்ல வேளையாகச் சில ஊருணிக் காவலர்கள் தோன்றினார்கள். அமிகா என்ற வீட்டுக் கம்ப்யூட்டருக்காக உலகெங்கும் பலர் எழுதிய நிரல்களைப் பிரெட் பிஷ் என்ற அமெரிக்கர் திரட்டினார். 1994 வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட தகடுகள்! ரசிகர் சங்கங்களில் அவற்றைப் படியெடுத்துப் பகிர்ந்துகொண்டார்கள். அவர் 2007-இல் காலமானார். திரட்டு இன்றும் இணையக் காப்பகங்களில் கிடைக்கிறது.

இருந்தும், தேடிப் போகிறவனுக்குச் சங்கடங்கள் பல. தகட்டில் ‘பொது’ என்று எழுதியிருந்தால் மட்டும் அது பொதுவாகிவிடாது. இலவசமாகக் கொடுத்துவிட்டு உரிமையைத் தம்மிடமே வைத்துக்கொண்டவர்கள் உண்டு. பிடித்திருந்தால் பணம் அனுப்பு என்றவர்களும் உண்டு. ஆகையால் நிரலோடு வரும் குறிப்பை முதலில் படிக்க வேண்டும். அடுத்தது, தகட்டைப் படிப்பது. அமிகாவின் 880 கிலோபைட் தகட்டைச் சாதாரணக் கம்ப்யூட்டரின் தகட்டுப் பெட்டி படிக்காது. தனிக் கருவி வேண்டும். படித்த பிறகும் பழைய யந்திரம் வேண்டும், அல்லது அதைப் போல் நடிக்கும் ‘எமுலேட்டர்’ நிரல் வேண்டும்.

இவ்வளவு பிரயாசை எதற்கு என்று கேட்கலாம். 1990-இல் ஒருவர் ஒரு படத்தை அளந்து ஒரு முடிவு சொன்னார். அது சரிதானா என்று இன்று சோதிக்க வேண்டுமானால், அவர் வைத்திருந்த அதே அளவுகோல் வேண்டாமா? அளவுகோல் தொலைந்தால் அளவையும் நம்பிக்கையின்பேரில்தான் ஏற்க வேண்டும்.

ராஸ்பாண்ட் இதற்கும் ஒரு வழி செய்தார். மாக்கின்டாஷ் ஒன்றையே நம்பியிருந்தால் நிரல் அதோடு முடங்கிப்போகும் அல்லவா? 1997-இல் எந்தக் கம்ப்யூட்டரிலும் ஓடக்கூடிய ஜாவா மொழியில் ‘இமேஜ் ஜே’ என்று அதைப் புதிதாக எழுதினார். இன்றும் உலகத்து ஆராய்ச்சிக்கூடங்களில் அது உழைக்கிறது. யார் வேண்டுமானாலும் எடுத்து மாற்றலாம், சேர்க்கலாம். இறைக்க இறைக்க ஊறும் கிணறு அது.

தேய்த்த கல்லில் இருந்த மயிலை இனி யாரும் மீட்க முடியாது. ஆனால் ஏழாயிரம்பண்ணையில் ஏதோ ஒரு பரணில் ஒரு பழைய லேபிள் கட்டு கிடந்தால், அதைப் படமெடுத்து, கறை நீக்கி, மங்கிய புள்ளிகளைத் துலக்கும் கருவி காசில்லாமல் கிடைக்கிறது. கரையான் முந்திக்கொள்ளாமல் இருக்க வேண்டும். பரணில் ஏற ஓர் ஆள் வேண்டும்.