கல்லுக்கு வடிவு தந்த அச்சு



நாட்டு வரலாற்றை எழுதுவோர் ஆலைகளைக் குறித்து வைப்பர், கைக்கருவிகளை மறந்துவிடுவர். காங்கேசன்துறைச் சீமெந்து ஆலையின் பெயரைக் கேளாதார் இலங்கைத் தமிழருள் மிகச் சிலரே. அச்சீமெந்தைச் சுவராக்கிய கல்லச்சைப் பற்றிப் பேசுவாரும் மிகச் சிலரே.

தெல்லிப்பழையின் செம்மண்ணுக்குக் கீழே கிடப்பது சுண்ணாம்புப் பாறை. வசதி படைத்த முன்னோர் அதனை உடைத்து, உளியாற் பொழிந்து, சுண்ணாம்புச் சாந்திட்டுச் சுவர் எழுப்பினர். ஏனையோர் மண்சுவரும் ஓலைக்கூரையுமாக வாழ்ந்தனர். கல்வீடு என்பது செல்வத்தின் அடையாளமாகவே நெடுங்காலம் இருந்தது.

இந்நிலை மாறுவதற்கு வித்திட்ட நிகழ்ச்சிகள் தொலைதேசங்களில் நடந்தன. 1824இல் இங்கிலாந்தில் யோசப் அஸ்ப்டின் என்பார் போட்லண்ட் சீமெந்துக்கு உரிமம் பெற்றார். 1900இல் அமெரிக்காவில் ஹார்மன் பாமர் என்பார் துளையுள்ள சீமெந்துக்கல் செய்யும் பொறிக்கு உரிமம் பெற்றார். கல்லை உளியாற் செதுக்காமல் அச்சில் வார்த்தெடுக்கும் வழி அதனாற் பரவியது. 1950இல் காங்கேசன்துறை ஆலை உற்பத்தியைத் தொடங்கியபோது, நம் நிலத்துச் சுண்ணாம்புக்கல்லே சீமெந்தாகி நம் முற்றத்துக்கு வந்தது. அச்சு ஒன்றிருந்தால் வளவிலேயே கல் அரியலாம் என்றாயிற்று.

அச்சு எளிய கருவி. நெடும்பக்கத் தகடுகள் இரண்டு, குறும்பக்கத் தகடுகள் இரண்டு, அவற்றைப் பிணைக்கும் திருகாணிகள், அடியில் ஒரு பலகை, இவ்வளவே. பூட்டியதும் மூலைக்கு மூலை குறுக்காக அளத்தல் வேண்டும். ஈரளவும் ஒத்திருந்தாலே அச்சு கோணாதது எனக் கொள்ளலாம். உட்புறம் மெல்லிதாக எண்ணெய் பூசி, ஈரம் மிகாத கலவையைப் படைபடையாக இட்டு இடித்து, அச்சை நேராக உயர்த்துதல் முறை. வேலை முடிந்ததும், ஒட்டிய சீமெந்து இறுகுமுன் கழுவித் துடைத்து, எண்ணெய் தடவி வைத்தல் வேண்டும். இறுகவிட்டுப் பின் சுத்தியலால் தட்டினால் தகடு நெளியும். நெளிந்த தகடு ஒவ்வொரு கல்லிலும் தன் குறையைப் பதிக்கும்.

அக்குறை சிறிதென்று எண்ணலாகாது. பத்தடிச் சுவருக்கு எட்டங்குல வரிசைகள் பதினைந்து வேண்டும். ஒரு வரிசைக்கு அரைக்கால் அங்குலம் பிழைத்தால், உச்சியில் ஏறக்குறைய இரண்டங்குலம் பிழைக்கும். அதனைச் சரிசெய்யச் சாந்து வீணாகும். சாந்தோடு பணமும் வீணாகும்.

1990இல் போர் காரணமாக ஆலை நின்றது. வலிகாமம் வடக்கு மக்கள் ஊரைவிட்டு அகன்றனர். வடக்கிற்குச் சீமெந்து கொண்டுசெல்வதும் தடுக்கப்பட்டது. 2009இல் போர் முடிந்தபின் மக்கள் படிப்படியாகத் திரும்பியபோது, பலருடைய வீடுகள் இடிபாடுகளாகவே எஞ்சியிருந்தன. இந்திய அரசின் வீடமைப்புத் திட்டத்தில் 2012 முதல் ஒரு வீட்டுக்கு 550,000 ரூபா பகுதி பகுதியாக வழங்கப்பட்டது. பயனாளிகள் தாமே நின்று கட்டினர். அளவான அப்பணத்தில் நல்ல கல்லும் கோணற் கல்லும் பெரிய வேறுபாட்டை உண்டாக்கின. நல்ல கல்லால் வீடு கூரைவரை உயர்ந்தது; கோணற் கல்லால் கடன் உயர்ந்தது.

ஆலை இல்லாத ஊரிலும் சீமெந்தை வெளியிலிருந்து வாங்கிவிடலாம். அச்சைத் துடைத்து வைக்கும் கையின் ஒழுங்கோ விலைக்குக் கிடைப்பதன்று. மீண்டும் குடியேறிய ஊர்களின் வரலாற்றை எழுதுவோர், அந்தக் கைகளுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குவாராக.