காலிக் கோட்டையின் விறாந்தை

கதிரை, மேசை, அலுமாரி, யன்னல், விறாந்தை. இந்த ஐந்து சொல்லும் இல்லாமல் மட்டக்களப்பின் புளியந்தீவில் ஒரு வீட்டைப் பற்றிப் பேச முடியாது. ஐந்துமே போர்த்துக்கீசம். சொல்லைத் தந்தவர்கள் 1628இல் இங்கே வாவிக்கரையில் கோட்டை கட்டினார்கள். பத்து வருடத்தில் ஒல்லாந்தர் அதைப் பிடித்தார்கள். 1640இல் காலியும் அவர்கள் கைக்குப் போனது. எங்கள் கோட்டைக்குள் இருந்த கட்டிடம் பிற்காலத்தில் கச்சேரியாகி, தலைமுறை தலைமுறையாகச் சனம் கடதாசியோடு காத்து நின்ற இடமாயிற்று. காலிக் கோட்டைக்குள் இருந்த ஒரு கட்டிடத்துக்கு வேறு வாழ்வு வாய்த்தது.

1684இல் ஒல்லாந்தத் தளபதிகளுக்காக எழுந்த கட்டிடம் அது. 1796இல் காலி ஆங்கிலேயர் வசமானது. 1860களில் அந்தக் கட்டிடம் ஹோட்டலாக மாறியதற்குக் காரணம் நிலக்கரி. இந்தியாவுக்கும் சீனாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போன நீராவிக் கப்பல்கள் காலித் துறைமுகத்தில் கரி ஏற்றின. கரி ஏறும்வரை பயணிகள் எங்கே இருப்பது? அவர்களுக்கு ஒரு கட்டிலும் நல்ல சாப்பாடும், கடற்காற்று வாங்கிக்கொண்டு கதை பேச நீண்ட விறாந்தையும் தந்தது நியூ ஓரியண்டல் ஹோட்டல்.

1875இல் கொழும்பில் அலைதாங்கிக்கு அடிக்கல் நட்டார்கள். அது கட்டி முடிய, கப்பல்கள் காலியை விட்டுப் போயின. ஊரே ஓய்ந்தது. அந்த ஹோட்டல் மூடப்படாமல் பிழைத்ததற்கு ஒரு பறங்கியர் குடும்பத்தின் பிடிவாதம்தான் காரணம் என்பேன். அதன் அறையொன்றில் 1905இல் பிறந்த நெஸ்டா ப்ரோஹியர், முதுமைவரை அதை நடத்தினார். பிறந்த வீட்டிலேயே விருந்தாளிகளை வரவேற்று வாழ்ந்த பெண்மணி. அவரை நினைத்தாலே எனக்கு மரியாதை வருகிறது.

அவருக்குப் பிறகு, இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில், அமன் ஹோட்டல் நிறுவனம் கட்டிடத்தைப் புதுப்பித்து ‘அமன்கல்ல’ என்று பெயரிட்டது. நடுக்கூடத்துக்கு ‘சால்’ என்ற பெயர். ஒல்லாந்த மொழியில் மண்டபம் என்று பொருள். தேக்குப் பலகைத் தளம் மினுங்குகிறது. பழைய தளபாடங்களைக் கழித்துவிடாமல் செப்பனிட்டுத் திரும்ப வைத்தார்கள். நான் பெரிதாக மதிப்பது இதைத்தான். ஒரு சாய்மனைக் கதிரையை எடுத்துக்கொள்ளுங்கள். சட்டம் நூறு வருடம் நிற்கும், பிரம்பு நிற்காது. அறுந்த பிரம்பை உருவி, புதுப் பிரம்பை நனைத்துப் பதமாக்கி, ஓட்டைக்கு ஓட்டை கோத்து, குறுக்கும் நெடுக்கும் மூலைவாட்டிலும் இழுத்துப் பின்ன வேண்டும். ஒரு இழை தளர்ந்தால் முழு இருக்கையும் தொய்ந்துவிடும். பழைய ஹோட்டலைக் காப்பாற்றுவதும் இப்படிப் பொறுமை கேட்கும் வேலைதான்.

2004 சுனாமியில் காலிக் கோட்டைக்குள் இருந்தவர்களை அதன் மதில் காத்தது. மட்டக்களப்பு டச்பாருக்கு மதில் ஏது? போர்த்துக்கீசப் பறங்கியர் அடர்ந்து வாழ்ந்த அந்தக் கடற்கரையைக் கடல் வழித்துக்கொண்டு போனது. பரம்பரையாகத் தச்சு வேலையும் இரும்பு வேலையும் செய்தவர்கள் பலர் அங்கே. அவர்களுக்கு ஆடுவதற்கு ‘சால்’ போன்ற பெயர்பெற்ற மண்டபம் எதுவும் தேவைப்படவில்லை. கலியாண வீட்டில் வயலின் இழுபட்டு றபான் மேளம் சேர்ந்ததும், கதிரைகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு, காபிரிஞ்ஞா நடனம் ஆட இடம் எடுத்துவிடுவார்கள்.