வட்டுக்கோட்டையிற் கேள்வியும் காட்சியும்

இலக்கிய வகைகளையும் காட்சிக்கலை வகைகளையும் படவில்லைகளின் துணையுடன் விளக்கும் முறை இன்று நம் வகுப்பறைகளில் வழக்காகிவிட்டது. அத்தகைய விளக்கவுரை ஒன்றை ஆயத்தஞ் செய்ய முற்படுவோர் முதலிற் செய்வது பாகுபாடே. காவியம், பள்ளு, குறவஞ்சி, நாவல் என்பன ஒரு நிரலில் அமையும்; ஓவியம், சிற்பம், கூத்து, திரைப்படம் என்பன மற்றொரு நிரலில் அமையும். இவ்விரு நிரல்களும் இயல்பிலேயே வேறானவையா, அன்றிக் கல்வி வரலாறு அவற்றை வேறுபடுத்தி வைத்ததா என்னும் வினா ஈண்டு எழுகின்றது. விடை காண்பதற்கு வட்டுக்கோட்டை என்னும் ஓர் ஊரின் வரலாறு பெரிதும் துணைசெய்யும்.

பதினெட்டாம் நூற்றாண்டில் வட்டுக்கோட்டையில் வாழ்ந்த கணபதி ஐயர், வாளபிமன் நாடகம் முதலான நாடகங்களை இயற்றியவர். அவர் காலத்தில் நாடகம் என்பது தனியே இருந்து வாசிக்கும் நூலன்று. ஏட்டில் எழுதப்பட்ட பாட்டு அண்ணாவியாரின் வாய்வழியே ஆடுவோரைச் சென்றடைந்தது. மத்தளத்தோடும் ஆட்டத்தோடும் கூடியபோதே அது முழுமை பெற்றது. குறவஞ்சியும் நொண்டி நாடகமும் அத்தகையனவே. இவற்றை இலக்கியம் என்பதா, காட்சி என்பதா? இயல், இசை, நாடகம் மூன்றையும் ஒரு தமிழாகவே கண்ட மரபினர்க்கு இவ்வினாவே தோன்றியிராது எனலாம்.

1823ஆம் ஆண்டு அமெரிக்க மிஷனரிமார் இவ்வூரிலே உயர்கல்வி நிலையம் ஒன்றை நிறுவினர். வட்டுக்கோட்டைச் செமினரி என வரலாற்றில் அறியப்படுவது அதுவே. டானியல் பூவர் அதன் முதல் அதிபராக விளங்கினார். ஆங்கிலக் கல்வி, தமிழ் இலக்கியப் பயிற்சி, தெரிந்தெடுத்த சிலர்க்கு வடமொழி, மேனாட்டு அறிவியல் ஆகியன அதன் கல்வித் திட்டத்தில் ஒருங்கே இடம்பெற்றன. இங்கே கண்ணாற் கண்டு தெளிதல் என்பது கல்வியின் உரைகல்லாயிற்று. 1829ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் நிகழ்ந்த சந்திர கிரகணம் இதற்குத் தக்க சான்றாகும். அயலூராகிய அராலியைச் சேர்ந்த விசுவநாத சாஸ்திரியாரின் பஞ்சாங்கக் கணிப்பிற்கும் பூவரின் கணிப்பிற்கும் வேறுபாடு காணப்பட்டது. எது சரியானது என்பதைத் தீர்க்க வானத்தையே நோக்குமாறு பூவர் மாணவரை ஏவினார். அன்று வானமே பாடப்படமாயிற்று. இந்நிகழ்ச்சியில் மதப் போட்டியும் கலந்திருந்தது என்பது மறுத்தற்கில்லை. ஆயினும், காட்சியைச் சான்றாகக் கொள்ளும் கல்விமுறை ஒன்று இங்கு வேரூன்றியமை மனங்கொள்ளத்தக்கது.

ஆனால், காட்சிக்குரிய இவ்விடம் அறிவியலுக்கே உரியதாயிற்று. இலக்கியம் பாடநூலுக்குள் ஒடுங்கியது. இதனால் விளைந்த பயன் பெரிது. செமினரியிற் கற்ற சி. வை. தாமோதரம்பிள்ளை வீரசோழியம் (1881), கலித்தொகை (1887) முதலியவற்றைப் பதிப்பித்து, செல்லரித்துக்கொண்டிருந்த ஏடுகளுக்கு அச்சிலே மறுவாழ்வு தந்தார். அங்கு பயின்ற மற்றொருவரான ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை 1886இல் பாவலர் சரித்திர தீபகத்தை வெளியிட்டார். இவர்தம் பணி இல்லையேல் இன்று நாம் இலக்கிய வகைகளை நிரற்படுத்திப் பேசுதல் அரிதாயிருக்கும். எனினும், அச்சேறிய நூலே இலக்கியம் என்ற எண்ணம் வலுப்பெற, ஆடப்படும் கூத்து பாடத்திட்டத்திற்குப் புறத்தே நின்றுவிட்டது. 1855இல் செமினரி மூடப்பட்டது. 1872இல் அதன் வழியில் யாழ்ப்பாணக் கல்லூரி தோன்றியது. அவ்வெண்ணமோ நெடுங்காலம் நிலைத்தது.

பிரிந்த இரண்டையும் பல்கலைக்கழக மட்டத்தில் ஒன்றுசேர்க்க முயன்றவர் பேராசிரியர் சு. வித்தியானந்தன். பேராதனையில் அவர் கர்ணன் போர் (1962), நொண்டி நாடகம் (1963), இராவணேசன், வாலிவதை ஆகிய கூத்துக்களை மாணவரைக்கொண்டு மேடையேற்றினார். விடியவிடிய ஆடப்பட்டது சுருங்கிய நேரத்துள் அமைந்தது. சுற்றிலும் மக்கள் சூழ்ந்திருந்த வட்டக்களரியை விட்டுக் கூத்து படச்சட்ட மேடைக்கு வந்தது. இதனாற் கற்றோர் கூத்தை மதிக்கலாயினர். அதேவேளை, வட்டமாக இருந்து பார்த்தவன் ஒரு திக்கில் இருந்து பார்ப்பவனானான். பெற்றதும் இழந்ததும் ஒரு செயலின் இரு பக்கங்கள்.

படவில்லையும் ஒருவகைப் படச்சட்டமே அன்றோ? அதில் நாம் கூத்தனின் முடியைக் காட்டலாம், ஆட்டத்தைக் காட்டவியலாது. ஏட்டின் எழுத்தைக் காட்டலாம். அதனைப் பாடிய குரலைக் கேட்பிக்கவியலாது. வகையின் பெயரையும் இலக்கணத்தையும் ஐந்து வரிகளில் எழுதிக் காட்டினால், மாணவர் அவ்வைந்து வரிகளையே இலக்கியமெனக் கொண்டு பரீட்சையில் ஒப்புவிப்பர். குறவஞ்சியின் இலக்கணத்தைப் பிழையறச் சொல்லும் மாணவன் குறத்தியின் பாட்டொன்றையேனும் கேட்டிராத நிலை நம்மிடையே அரிதன்று. இக்குறை கருவியின்பாற்பட்டதன்று, அதனைப் பயன்படுத்தும் முறையின்பாற்பட்டதாகும்.

ஆகவே, இத்தகைய விளக்கவுரையை ஆயத்தஞ் செய்வோர் இரு நிரல்களைத் தவிர்த்து, ஒரு படைப்பு கடந்துவந்த நிலைகளைத் தொடராகக் காட்டுதல் நன்று. முதலில் ஏடு, அடுத்து அச்சுப் பக்கம், பின்னர் களரி, அதன்பின் மேடை என வரிசை அமையலாம். ஒவ்வொரு நிலையிலும் படத்தை நிறுத்திவைத்துப் பாட்டைக் கேட்பித்து, இந்நிலையில் வந்து சேர்ந்தது எது, விடுபட்டது எது என மாணவரையே வினாவுதல் வேண்டும். அன்று கிரகணத்தைப் பார்க்கச் செய்தவரின் முறையும், கூத்தை ஆடச் செய்தவரின் முறையும் இங்கே ஒன்றுகூடும்.

இன்னுமொன்றும் ஈண்டுக் குறிப்பிடற்பாலது. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது மீளப் பெறவியலாத ஏடுகளும் நூல்களும் சாம்பராயின. படியெடுக்கப்படாதவை அன்றோடு அழிந்தன. ஓர் ஏட்டையோ, ஒரு முதுபெரும் அண்ணாவியாரின் ஆட்டத்தையோ நாம் படமாகப் பதிவுசெய்யும்போது, பாடத்திற்கு அழகு சேர்ப்பதோடு அமையாது, அழியக்கூடியதற்கு ஒரு படியையும் எடுத்துவைக்கின்றோம். தாமோதரம்பிள்ளை அச்சினாற் செய்ததை இத்தலைமுறை படத்தினாலும் ஒலியினாலும் செய்தல் கூடும். அதற்கு வேண்டிய கருவி இன்று மாணவர் ஒவ்வொருவர் கையிலும் உண்டு. கணபதி ஐயர் பாடிய மண்ணிற் கூத்தறிந்த முதியோர் வாழும்போதே அதனைப் பயன்படுத்துதல் நம் கடமையாகும்.