துரைமாரின் குணப்பட்டியலும் மரபணுவும்

மலேசியாவின் சுபாங் ஜெயா 1976இல் நகரமாக உருப்பெறத் தொடங்கும் வரை அந்த நிலம் சீபீல்டு ரப்பர் தோட்டமாக இருந்தது. இத்தகைய தோட்டங்களை நடத்திய வெள்ளைத் துரைமாரும் காலனிய ஆட்சியும் குணத்தை இனத்தோடு பிறந்த ஒன்றாகவே கருதினர். தமிழர் சாது, சொன்னதைக் கேட்பவர், மலாய்க்காரர் சோம்பேறி, சீனர் உழைப்பாளி, ஆனால் அடங்காதவர் என்பது அவர்களின் பட்டியல். தமிழகத்துக்குக் கங்காணிகளை அனுப்பி ஆள் சேர்த்ததற்கு இந்தச் சாதுத்தனமும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது.

அந்தக் கணிப்பைக் கிள்ளான் தொழிலாளரே உடைத்தனர். 1941 மார்ச் முதல் மே வரை வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் பரவியது, ஆர். எச். நாதன் முன்னின்றார். சீனருக்கு நிகரான கூலியும் கள்ளுக்கடை மூடலும் கேட்டவர்கள், துரையைக் கண்டதும் சைக்கிளைவிட்டு இறங்கும் வழக்கமும் ஒழிய வேண்டும் என்றனர். நாதன் நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் மாண்டனர். ஒரு தலைமுறைக்குள் மக்களின் மரபணு மாறிவிடாது. துரைமார் பிறவிக் குணம் என்று எண்ணியது, கடனும் லய வாழ்வும் திணித்த பணிவு. மலாய்க்காரர் மீதான சோம்பல் என்ற பழியைச் சமூகவியலாளர் சையது உசேன் அலாத்தாஸ் 1977இல் வெளியான 'சோம்பேறிச் சுதேசி என்னும் கட்டுக்கதை' நூலில் விரிவாக மறுத்தார்.

அறிவியலோ வேறொரு கேள்வியை எடுத்துக்கொண்டது: ஒரே மக்களுக்குள் ஆளுக்கு ஆள் குணம் ஏன் வேறுபடுகிறது? இரட்டையர், குடும்பத்தினர், தத்துப்பிள்ளைகள் ஆகியோரை ஒப்பிட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2015ஆம் ஆண்டுக் கணக்கு, ஆளுமை வேறுபாட்டில் ஏறத்தாழ 40 விழுக்காடு மரபு சார்ந்தது என்றது. தனி ஒருவரின் குணத்தில் நாற்பது விழுக்காடு மரபணுவால் ஆனது என்பது இதன் பொருளன்று. கூட்டத்துக்குள் காணும் வேறுபாட்டை மட்டுமே அந்த எண் பேசும். இரு இனங்களுக்கு இடையிலான வேறுபாட்டைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

1996இல் 11ஆம் குரோமோசோமிலுள்ள டிஆர்டி4 என்னும் டோபமின் ஏற்பி மரபணுவின் நீண்ட வடிவம் புதுமை நாட்டத்தோடு தொடர்புடையது என இரு ஆய்வுகள் அறிவித்தன. 1999இல், நெடுந்தொலைவு புலம்பெயர்ந்த மக்களிடம் அது மிகுதி என்ற கருத்தும் எழுந்தது. கடல் கடந்தவர்களின் வழிவந்தோரை இக்கருத்து எளிதில் கவரும். ஆனால் மலாயாவுக்குக் கப்பல் ஏறியவர்களைப் பஞ்சமும் கங்காணியின் முன்பணமும் உந்தின. அவர்கள் துணிவைச் சோதித்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அல்லர். 2008இல் ஆய்வுகளை ஒருங்கே அலசியபோது, அந்த நீண்ட வடிவத்துக்கும் புதுமை நாட்டத்துக்கும் தொடர்பு தென்படவில்லை.

ஒற்றை மரபணுத் தேடல் அத்தோடு தளர்ந்தது. 2018இல் ஏறத்தாழ 4,49,000 பேரின் மரபணுத் தரவை ஆராய்ந்தபோது, கவலைப்படும் இயல்போடு தொடர்புள்ள 136 இடங்கள் கிடைத்தன. ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறியது. அந்தத் தரவு ஐரோப்பிய வம்சாவளியினருடையது. அதிலிருந்து கணிக்கும் மரபு மதிப்பெண்ணின் துல்லியம் பிற வம்சாவளியினரிடம் குறைகிறது. மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம் 2006 முதல் 2012 வரை மலாய்க்காரர், சீனர், இந்தியர் உட்பட ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரைச் சேர்த்த 'மலேசியன் கோஹார்ட்' ஆய்வோ, குணத்தை அறிய அன்று, நீரிழிவு, புற்றுநோய், இதயநோய் போன்ற நோய்களை ஆராயவே தொடங்கப்பட்டது.