பிரேக் அதிர்வு

பிரேக் அதிர்வு என்பது, ஓடிக்கொண்டிருக்கும் தானுந்தின் பிரேக்கை மிதிக்கும்போது ஸ்டீயரிங்கிலோ, பிரேக் மிதியிலோ, இருக்கையிலோ உணரப்படும் சீரான நடுக்கம் ஆகும். வண்டியின் வேகம் குறையக் குறைய நடுக்கத்தின் துடிப்பும் மெதுவாகும். வட்டு பிரேக் கொண்ட வண்டிகளில் இக்குறை பரவலாகக் காணப்படுகிறது. வெப்பத்தால் வட்டு வளைந்துவிட்டது என்பதே இதற்குப் பொதுவாகத் தரப்படும் விளக்கம். ஆனால் அளந்து பார்க்கும்போது, பெரும்பாலும் தெரியவருவது வளைவு அன்று. வட்டின் தடிமன் சுற்று முழுவதும் ஒரே அளவாக இல்லாமையே ஆகும். இவ்வேறுபாட்டை அறியாமல் வட்டை மட்டும் மாற்றினால், சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய பின் அதே நடுக்கம் திரும்பி வரக்கூடும்.

வட்டு பிரேக் இயங்கும் முறை

சக்கரத்தைத் தாங்கிச் சுழலும் பகுதி ஹப் எனப்படும். ஹப்பின் தட்டையான முகத்தின் மேல் வார்ப்பிரும்பு வட்டு ஒன்று அமர்ந்து, சக்கரத்துடன் சேர்ந்து சுழலும். இவ்வட்டு டிஸ்க் என்றும் ரோட்டர் என்றும் வழங்கப்படுகிறது. வட்டைக் கவ்வியவாறு சுழலாமல் நிற்பது காலிப்பர். மிதியை அழுத்தும்போது பிரேக் திரவத்தின் அழுத்தம் காலிப்பரில் உள்ள பிஸ்டனைத் தள்ள, இரு பக்கமும் உள்ள பிரேக் பேட்கள் வட்டை நெருக்குகின்றன.

இவ்வுராய்வு வண்டியின் இயக்க ஆற்றலை வெப்பமாக மாற்றுகிறது. எடுத்துக்காட்டாக, 1500 கி.கி. நிறையுள்ள வண்டி மணிக்கு 100 கி.மீ. வேகத்திலிருந்து நிற்கும்போது ஏறத்தாழ 580 கிலோ ஜூல் ஆற்றலை இழக்கிறது. அதில் மிகப் பெரும் பகுதி பிரேக்குகளில் வெப்பமாகிறது. முன் சக்கரங்களின் பங்கே இதில் அதிகம். முன் வட்டுகளில் அதிர்வு மிகுதியாகத் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வட்டு பிரேக்குக்கு 1902 இல் இங்கிலாந்தில் பிரெடரிக் லான்செஸ்டர் காப்புரிமை பெற்றார். 1953 இல் லெ மான் 24 மணிநேரப் பந்தயத்தில் டன்லப் வட்டு பிரேக்குகள் பொருத்திய ஜாகுவார் வென்றது. 1955 இல் வெளிவந்த சிட்ரோவென் டி.எஸ். பேரளவில் தயாரிக்கப்பட்ட தானுந்துகளில் இதனைப் பரப்பியது.

அதிர்வு தோன்றும் விதம்

வட்டின் ஓரிடம் மற்ற இடங்களைவிடத் தடித்திருந்தால், அவ்விடம் பேட்களுக்கு இடையே வரும்போது பிஸ்டன் சற்றே பின்தள்ளப்படுகிறது. மெல்லிய இடம் வரும்போது முன்னேறுகிறது. இதனால் பிரேக் திரவத்தின் அழுத்தமும் நிறுத்தும் விசையும் ஒவ்வொரு சுற்றிலும் ஏறி இறங்குகின்றன. திரவம் வழியாக இம்மாற்றம் மிதியையும், சக்கரத் தாங்கமைப்பு வழியாக ஸ்டீயரிங்கையும் அடைகிறது.

இதற்குப் பெரிய தடிமன் வேறுபாடு தேவையில்லை. 0.01 முதல் 0.02 மி.மீ. வரையான வேறுபாடே பல வண்டிகளில் நடுக்கத்தை உண்டாக்கப் போதுமானது. இது மனிதத் தலைமயிரின் தடிமனைவிடக் குறைவு என்பதால், கண்ணால் பார்த்தோ விரலால் தடவியோ இக்குறையை அறிய இயலாது.

சுற்றளவு ஏறத்தாழ 2 மீட்டர் கொண்ட சக்கரம், மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் நொடிக்கு ஏறத்தாழ 14 முறை சுழலும். வட்டில் தடித்த இடம் ஒன்று இருந்தால் நொடிக்கு 14 துடிப்புகள் உண்டாகும். இத்துடிப்பு முன் தாங்கமைப்பின் இயல்பான அதிர்வெண்ணுக்கு அருகில் வரும்போது ஒத்ததிர்வு ஏற்பட்டு நடுக்கம் பெருகும். குறிப்பிட்ட ஒரு வேக எல்லையில் மட்டும் ஸ்டீயரிங் கடுமையாக ஆடுவதும், அதற்குக் கீழே நடுக்கம் தணிவதும் இதனால்தான்.

காரணங்கள்

வட்டின் பக்கவாட்டு ஆட்டம்: வட்டு சுழலும்போது அதன் முகம் ஒரே தளத்தில் நில்லாமல் பக்கவாட்டில் அசைவது பக்கவாட்டு ஆட்டம் எனப்படும். ஹப் முகத்தில் படிந்த துரு, வட்டுக்கும் ஹப்புக்கும் இடையே சிக்கிய அழுக்கு, தேய்ந்த சக்கர பேரிங், சமமின்றி முறுக்கப்பட்ட சக்கர நட்டுகள் ஆகியன இதனை உண்டாக்கும். மிதக்கும் வகைக் காலிப்பர் வட்டின் அசைவுக்கு ஏற்ப நகர்வதால், தொடக்கத்தில் ஓட்டுநர் எதையும் உணர்வதில்லை. ஆனால் பிரேக் மிதிக்கப்படாத நேரத்திலும் வட்டின் குறிப்பிட்ட பகுதிகள் பேட்களில் உரசிக்கொண்டே இருக்கும். அப்பகுதிகள் மெல்லத் தேய்ந்து தடிமன் வேறுபாடு உருவாகிறது. புதிய வட்டு பொருத்தியவுடன் சீராக இருந்து, பல ஆயிரம் கிலோமீட்டருக்குப் பின் நடுக்கம் தொடங்குவதற்கு இதுவே முதன்மையான காரணமாகும்.

சீரற்ற பேட் படிவு: பேட்டின் பொருள் மெல்லிய படலமாக வட்டின் மேல் படிவது இயல்பு. இப்படலம் ஓரிடத்தில் மிகுதியாகப் படிந்தால் அவ்விடம் தடிக்கிறது. நீண்ட இறக்கத்தில் இறங்கி வட்டு மிகச் சூடாகியிருக்கும்போது, மிதியை அழுத்தியவாறே வண்டியை நிறுத்தி வைத்தால் பேட்டின் வடிவமே வட்டில் பதியக்கூடும். வளைந்த வட்டு என்று கூறப்படுவனவற்றில் பெரும்பாலானவை இத்தகைய படிவே என்னும் கருத்தை அமெரிக்கப் பந்தயப் பொறியாளர் கரோல் ஸ்மித் வலியுறுத்தினார்.

வெப்பப் புள்ளிகள்: கடும் வெப்பத்தில் வட்டின் சில இடங்கள் மட்டும் மிகுதியாகச் சூடாகி விரைந்து குளிரும்போது, அங்கே வார்ப்பிரும்பின் உள்ளமைப்பு மாறிக் கடினமாகிறது. இவ்விடங்கள் நீலம் அல்லது கருமை படர்ந்து காணப்படும். இவை சுற்றில் பல இடங்களில் அமைவதால் ஒரு சுழற்சிக்குப் பல துடிப்புகள் எழுந்து, நடுக்கத்துடன் தாழ்ந்த உறுமல் ஒலியும் கேட்கும்.

சிக்கிய காலிப்பர்: நழுவும் ஊசிகள் உலர்ந்தோ துருப்பிடித்தோ போனால் பேட் வட்டை விட்டு விலகாது. அப்பக்கத்துச் சக்கரம் மட்டும் சூடாவது இதன் அடையாளம்.

துரு: மழையிலோ கடலோரத்திலோ பல நாட்கள் நின்ற வண்டியின் வட்டில், பேட் மூடியிருந்த பகுதி தவிர மற்றவை துருப்பிடிக்கும். மேலோட்டமான துரு சில முறை பிரேக் மிதித்ததும் நீங்கிவிடும். ஆழமாக அரித்திருந்தால் நீங்காது.

வெப்பத்தால் வட்டு வடிவம் மாறுவதே இல்லை என்று கூற இயலாது. மிகச் சூடான வட்டு கூம்பு போலச் சற்றே சாய்வது உண்டு. எனினும் குளிர்ந்ததும் அது பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

குறையறிதல்

எப்போது, எங்கே நடுக்கம் உணரப்படுகிறது என்பதை முதலில் கவனிக்க வேண்டும்.

- பிரேக் மிதிக்காமல் சீரான வேகத்தில் செல்லும்போதே ஸ்டீயரிங் ஆடினால், டயர், வீல் பேலன்சிங் அல்லது வளைந்த ரிம் காரணமாக இருக்கலாம்.
- பிரேக் மிதிக்கும்போது மட்டும் ஸ்டீயரிங் ஆடினால், முன் வட்டுகளில் குறை இருக்க வாய்ப்பு அதிகம்.
- ஸ்டீயரிங் அமைதியாக இருந்து, இருக்கையும் தரையும் நடுங்கினால் பின் பிரேக்குகளைச் சோதிக்க வேண்டும். பின்னால் டிரம் பிரேக் உள்ள வண்டிகளில் டிரம் வட்டம் குலைந்திருப்பதும் இதே உணர்வைத் தரும்.
- கடுமையாக மிதிக்கும்போது அல்லது வழுக்கும் சாலையில் மிதி விரைவாகத் துடித்தால், அது ஏ.பி.எஸ். அமைப்பின் இயல்பான செயற்பாடாக இருக்கலாம்.

தாங்கமைப்பின் தேய்ந்த புஷ்களும் பால் ஜாயின்ட்களும் அதிர்வைத் தாமே உண்டாக்காவிடினும், சிறிய அதிர்வைப் பெரிதாக்கிக் காட்டும்.

அடுத்து அளவெடுத்தல் வேண்டும். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஜாக்கை மட்டும் நம்பாமல் உறுதியான தாங்கிகளில் ஏற்றிய பின்னரே சக்கரத்தைக் கழற்ற வேண்டும்.

1. சக்கர பேரிங்கில் ஆட்டம் உள்ளதா எனப் பார்க்க வேண்டும். ஆட்டம் இருந்தால் மற்ற அளவுகள் நம்பத்தக்கவை அல்ல.
2. வட்டின் வெளி விளிம்பிலிருந்து 10 முதல் 15 மி.மீ. உள்ளே, சுற்றிலும் எட்டு இடங்களில் மைக்ரோமீட்டரால் தடிமனை அளக்க வேண்டும். மிகக் கூடிய அளவுக்கும் மிகக் குறைந்த அளவுக்கும் உள்ள வேறுபாடே தடிமன் வேறுபாடு. இதற்கு வெர்னியர் அளவியின் நுட்பம் போதாது.
3. நட்டுகளால் வட்டை ஹப்புடன் இறுகப் பொருத்தி, டயல் கேஜின் முனையை வட்டின் முகத்தில் வைத்து ஒரு முழுச் சுற்று சுழற்றிப் பக்கவாட்டு ஆட்டத்தை அளக்க வேண்டும். தயாரிப்பாளர்கள் அனுமதிக்கும் எல்லை பெரும்பாலும் 0.05 முதல் 0.10 மி.மீ. வரை அமைகிறது. அந்தந்த வண்டியின் பழுதுபார்ப்புக் கையேட்டில் உள்ள அளவே இறுதியானது.
4. வட்டின் நிலையைக் குறித்துக்கொண்டு அதனைக் கழற்றி, ஹப் முகத்தின் ஆட்டத்தைத் தனியே அளக்க வேண்டும்.
5. ஹப் முகத்தின் துருவை நீக்கி, வட்டை ஒரு போல்ட் இடம் திருப்பிப் பொருத்தி மீண்டும் அளக்க வேண்டும். சில வேளைகளில் இதுவே ஆட்டத்தை எல்லைக்குள் கொண்டுவந்துவிடும்.

ஹப்பைத் தனியே அளப்பதன் இன்றியமையாமையை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். ஹப் முகத்தில், மையத்திலிருந்து 65 மி.மீ. தொலைவில் 0.03 மி.மீ. ஆட்டம் இருப்பதாகக் கொள்வோம். வட்டில் 130 மி.மீ. தொலைவில் அது இரு மடங்காகி 0.06 மி.மீ. ஆகும். அனுமதி எல்லை 0.05 மி.மீ. எனில், குறையே இல்லாத புதிய வட்டும் அவ்வெல்லையைக் கடந்தே ஆடும். இங்கு மாற்ற வேண்டியது வட்டு மட்டுமன்று, ஹப்பும் ஆகும்.

கடைதலும் மாற்றுதலும்

வட்டின் விளிம்பில் அல்லது நடுப்பகுதியில் குறைந்தபட்சத் தடிமன் பொறிக்கப்பட்டிருக்கும். அதற்குக் கீழே தேய்ந்த வட்டைப் பயன்படுத்தலாகாது. நிறை குறைந்த வட்டு விரைவில் சூடாகும். பிஸ்டனும் தன் எல்லைக்கு மேல் வெளியே வர நேரும்.

போதிய தடிமன் இருந்தால் லேத்தில் கடைந்து முகத்தைச் சமன் செய்யலாம். புதிதில் 22 மி.மீ., குறைந்தபட்சம் 20 மி.மீ. கொண்ட வட்டு ஒன்று இப்போது 20.6 மி.மீ. உள்ளது எனக் கொள்வோம். இரு முகங்களிலும் 0.2 மி.மீ. கடைந்தால் 20.2 மி.மீ. மிஞ்சும். இனித் தேய்வதற்கு 0.2 மி.மீ. மட்டுமே இருப்பதால், இங்கு கடைவதைவிட மாற்றுவதே சிக்கனம். வண்டியிலேயே பொருத்திக் கடையும் இயந்திரம் ஹப்பின் ஆட்டத்தையும் சேர்த்துச் சரிசெய்கிறது. வெப்பப் புள்ளிகள் கடைந்த பின்னும் ஆழத்தில் எஞ்சி மீண்டும் தலைதூக்கும் என்பதால், அத்தகைய வட்டுகளை மாற்றுவதே தக்கது.

மாற்று வட்டைத் தேர்தல்

விட்டம், தடிமன், உயரம், நடுத்துளை, போல்ட் அமைப்பு ஆகியவை மூல வட்டுடன் முற்றிலும் பொருந்த வேண்டும். ஒரே வண்டி வகையிலும் எஞ்சினைப் பொறுத்து இவை மாறுபடலாம்.

- திட வட்டு: ஒரே தகடாக அமைந்தது, சிறிய வண்டிகளிலும் பின் சக்கரங்களிலும் பயன்படுகிறது.
- காற்றோட்ட வட்டு: இரு தகடுகளுக்கு இடையே காற்று செல்லும் வழிகள் கொண்டது. இவ்வழிகள் வளைந்தவையாயின் இடம், வலம் மாறாமல் பொருத்த வேண்டும்.
- உயர்கரிம வட்டு: கரிமம் மிகுந்த வார்ப்பிரும்பால் ஆனது. வெப்பத்தை நன்கு கடத்துவதுடன் அதிர்வையும் உட்கொள்ளும்.
- பூச்சு வட்டு: உராயாத பகுதிகளில் துருத் தடுப்புப் பூச்சு உடையது, மழை மிகுந்த இடங்களுக்கும் கடலோரத்துக்கும் ஏற்றது.
- துளையிட்ட, கீறலிட்ட வட்டுகள்: நீரையும் தூசியையும் அகற்ற உதவும். துளைகளின் ஓரத்தில் வெடிப்பு தோன்ற வாய்ப்புண்டு. கீறல்கள் பேட்டை விரைவாகத் தேய்க்கும்.

நாளாந்தப் பயன்பாட்டுக்கு மூல வகையை ஒத்த, துளையற்ற வட்டே பொதுவாகப் போதுமானது. துளைகளோ கீறல்களோ பக்கவாட்டு ஆட்டத்தால் வரும் அதிர்வைத் தடுப்பதில்லை. ஐக்கிய நாடுகள் அவையின் 90ஆம் வாகன ஒழுங்குவிதி மாற்றுப் பேட்களுக்கும் வட்டுகளுக்கும் சோதனைத் தரங்களை வகுத்துள்ளது. இவ்விதியின் ஒப்புதல் குறி தரத்தை அறிய உதவும்.

பொருத்துதலும் பழக்குதலும்

ஓர் அச்சின் இரு வட்டுகளையும் சேர்த்தே மாற்ற வேண்டும்; பேட்களும் புதியனவாக இருத்தல் நன்று. ஹப் முகத்தை உலோகம் தெரியும்வரை தூய்மை செய்து, பாதுகாப்பு எண்ணெய் பூசிய வட்டாயின் அவ்வெண்ணெயைப் பிரேக் துப்புரவுக் கரைசலால் நீக்க வேண்டும். பொருத்திய பின் பக்கவாட்டு ஆட்டத்தை மீண்டும் அளத்தல் இன்றியமையாதது. சக்கர நட்டுகளை ஒன்றுவிட்டு ஒன்றாக, நட்சத்திர வடிவில், கையேடு கூறும் முறுக்கு விசை அளவுக்கு மட்டும் இறுக்க வேண்டும். பேட்களை வட்டுக்கு நெருக்கி வைப்பதற்காக, வண்டியை நகர்த்துமுன் மிதியைப் பலமுறை அழுத்திவிட வேண்டும்.

பின்னர் வெறிச்சோடிய சாலையில், மணிக்கு 60 கி.மீ. வேகத்திலிருந்து ஏறத்தாழ 15 கி.மீ. வரை, முழுவதும் நிறுத்தாமல் எட்டு முதல் பத்து முறை மிதமாகப் பிரேக் பிடித்துப் பழக்கலாம். அதன்பின் சிறிது தொலைவு பிரேக் பிடிக்காமல் ஓட்டி வட்டைக் குளிரவிட வேண்டும். பேட் தயாரிப்பாளர் வேறு முறை குறிப்பிட்டிருந்தால் அதனையே பின்பற்ற வேண்டும்.

எச்சரிக்கைகள்

வட்டின் விளிம்பை எட்டிய வெடிப்பு, ஆழத்திற்குச் செல்லும் மிதி, பிரேக் திரவக் கசிவு, ஒரு பக்கமாக இழுத்தல் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் வண்டியை ஓட்டலாகாது. பிரேக் தூசியை மூச்சில் இழுப்பது தீங்கானது. பழைய பேட்களில் கல்நார் இருக்கக்கூடும். ஆகவே தூசியைக் காற்றால் ஊதாமல் ஈரத்துணியாலோ துப்புரவுக் கரைசலாலோ நீக்க வேண்டும்.

இவற்றையும் பார்க்க

- வட்டு பிரேக்
- டிரம் பிரேக்
- உராய்வு
- ஒத்ததிர்வு
- வார்ப்பிரும்பு