சக்கரம் மாட்டினவன் பேரு

அமெரிக்கப் பந்தயக் கார்களின் பழைய புகைப்படங்களுக்கு உலகம் முழுக்க ரசிகர்கள் உண்டு. மட்கார்டு இல்லாத நான்கு சக்கரம், சுருட்டு மாதிரி நீண்ட உடம்பு, கிரீஸ் அப்பிய முகம், நெற்றிக்கு ஏற்றிவிட்ட கண்ணாடி. பார்க்கிறவர்கள் அதில் வேகத்தையும் வீரத்தையும் பார்க்கிறார்கள். நாம் வேறு கேள்வி கேட்டாக வேண்டும். படத்தில் உட்கார்ந்திருப்பவன் யார்? அவன் பக்கத்தில் இருப்பவன் யார்? படத்துக்குள்ளேயே வரவிடாமல் வெளியே நிறுத்தப்பட்டவன் யார்?

இண்டியானாபோலிஸ் பந்தயப் பாதையில் 1909இல் 32 லட்சம் செங்கற்களைப் பாவினார்கள். 1911 மே 30 அன்று முதல் 500 மைல் பந்தயம் நடந்தது. அந்தக் காலத்துக் காரில் இரண்டு பேர் உட்காருவார்கள். ஒருவர் ஓட்டுநர், இன்னொருவர் மெக்கானிக். எண்ணெய் பம்பை அடிப்பது, டயர் தேய்வதைக் கவனிப்பது, பின்னால் யார் நெருங்கி வருகிறார் என்று திரும்பிப் பார்த்துச் சொல்வது எல்லாம் மெக்கானிக்கின் வேலை. ரே ஹாரூன் மட்டும் ஆள் இல்லாமல், பின்னால் பார்க்க ஒரு கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஓட்டினார். அவர்தான் ஜெயித்தார். அன்று செத்துப்போனவர் சாம் டிக்சன். அவர் ஓட்டுநர் இல்லை, பக்கத்து சீட்டு மெக்கானிக். ஹாரூன் பேரை ஊரே சொல்கிறது. டிக்சன் பேரை எத்தனை பேர் சொல்கிறார்கள்?

அந்தப் பக்கத்து சீட்டுக்காரனாவது படத்தில் இருக்கிறான். கறுப்பர்களுக்கு அந்த இடமும் இல்லை. பந்தயங்களை நடத்திய அமெரிக்க ஆட்டோமொபைல் சங்கம் கறுப்பு ஓட்டுநர்களைச் சேர்க்கவில்லை. 1920களில் இண்டியானா மாநிலத்தில் கு கிளக்ஸ் கிளான் கொடிகட்டிப் பறந்தது. அதன் ஆதரவோடுதான் 1924 தேர்தலில் ஒருவர் அங்கே கவர்னராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதே 1924 ஆகஸ்டில், அதே ஊரில் கறுப்பர்கள் தங்களுக்கென்று ஒரு பந்தயம் நடத்தினார்கள். மாநிலக் கண்காட்சித் திடலின் ஒரு மைல் மண் பாதையில் 100 மைல் ஓட்டம். கறுப்பர்களின் பத்திரிகையான 'சிகாகோ டிஃபெண்டர்' எழுத்தாளர் ஃபிராங்க் யங் அதற்குப் 'பொன்னும் புகழும்' என்று பொருள்படும் பேரை வைத்தார். செய்தியைப் பெரிதாகப் போட்டதும் கறுப்புப் பத்திரிகைகள்தான்.

அதில் ஓட்டியவர்களில் ஒருவர் சார்லி விக்கின்ஸ். சின்ன வயதில் ஷூ பாலிஷ் போட்டவர், பிறகு மெக்கானிக் ஆனவர். பழைய இரும்புக் கடையில் பொறுக்கிய சாமான்களை வைத்தே தன் காரைக் கட்டினார். 1926இல் ஜெயித்தார், 1930களிலும் திரும்பத் திரும்ப ஜெயித்தார். 1934இல் 500 மைல் பந்தயத்தை ஜெயித்த பில் கம்மிங்ஸின் காரைச் சரிபார்த்துக் கொடுத்ததில் விக்கின்ஸுக்குப் பங்கு உண்டு. ஆனால் கறுப்பு மெக்கானிக்கை அந்த மைதானத்துக்குள் விடமாட்டார்கள். அதனால் கூட்டிப்பெருக்குகிற ஆள் என்று காட்டித்தான் அவரை உள்ளே கொண்டுபோனார்கள். கையில் துடைப்பம் இருந்தால் உள்ளே வரலாம், ஸ்பானர் இருந்தால் கூடாது! இந்தக் கணக்கு நமக்குப் புதுசா என்ன? நம்ம ஜனங்களுக்குப் பரம்பரையாகப் போட்டுக் காட்டிய கணக்குத்தானே இது.

1936 பந்தயத்தில் 13 கார்கள் ஒன்றோடு ஒன்று மோதின. விக்கின்ஸ் ஒரு காலை இழந்தார். அந்தப் பந்தயமும் அதோடு முடிந்துபோனது. இண்டியானாபோலிஸ் 500இல் ஒரு கறுப்பர் கார் ஓட்ட 1991 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவர் வில்லி ரிப்ஸ். முதல் பந்தயம் நடந்து 80 வருஷம் கழிந்திருந்தது.

'காரோட்டத்தில் தலித் அரசியலுக்கு என்ன வேலை?' என்று தோழர்கள் கேட்கலாம். 1946இல் அம்பேத்கர், கறுப்பின அறிஞர் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். 1972இல் பம்பாயில் தலித் பேந்தர்கள் தங்கள் இயக்கத்துக்கான பேரைக் கறுப்புச் சிறுத்தைகளிடமிருந்து எடுத்தார்கள். அந்த வரலாற்றை நாம் ஏற்கெனவே நம்முடையதாக்கிக்கொண்டோம். மேடையையும் துப்பாக்கியையும் பார்த்த கண்ணால் அவர்களுடைய பட்டறையையும் பார்ப்போம்.

இப்போது நம்ம பக்கம் வருவோம். செங்குன்றம் தாண்டி, கல்கத்தா போகிற சாலையில் சோழவரம். இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம் ஒன்று அங்கே இருந்தது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953இல் தொடங்கியது. 1980களின் கடைசி வரை அந்த ஓடுதளத்தில்தான் பந்தயம். மூடாத சக்கரம் கொண்ட ஃபார்முலா கார்கள் இங்கேயும் சீறின. கோண்டல் அரச குடும்பத்தார் ஓட்டினார்கள். சாராய முதலாளி விஜய் மல்லையா, என்சைன் என்ற ஃபார்முலா ஒன் காரையே கொண்டுவந்து ஓட்டினார். கோவையின் கரிவரதன் இங்கேயே மாருதி எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைக் கார் செய்தார். 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் புதுப் பாதை வந்ததும் பந்தயம் அங்கே போய்விட்டது.

சோழவரத்தைப் பற்றிய நினைவுக் கட்டுரைகளில் ராஜா வருவார், முதலாளி வருவார், எஞ்சினின் சி.சி. வரும். அந்த எஞ்சினைக் கழற்றி மாட்டிய கைக்குப் பேர் கிடைப்பது அபூர்வம்.

அந்தக் கை எங்கிருந்து வந்தது? வடசென்னையின் வரைபடத்தை விரித்துப் பாருங்கள். எண்ணூரில் 1948இல் அசோக் மோட்டார்ஸ் வந்தது, பிறகு அதுவே அசோக் லேலண்ட் ஆனது. திருவொற்றியூரில் 1946இல் ஒரு கொட்டகையில் பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எஃப்., பின்னால் பந்தய டயர் வரைக்கும் போனது. 1955இல் இங்கிலாந்தின் ரெட்டிச் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. 1970 வாக்கில் ரெட்டிச் கம்பெனியே மூடிப்போனது. புல்லட் சாகவில்லை, திருவொற்றியூரில் உயிரோடு இருந்தது. ஒரு வெள்ளைக்காரத் தொழில்நுட்பத்தை அதன் தாய்வீடு கைவிட்ட பிறகும் காப்பாற்றி வைத்தவர்கள் இந்த பெல்ட்டின் தொழிலாளர்கள். இதை அறிவின் வரலாறு என்று யாராவது எழுதினார்களா? 'உழைப்பு' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள். உடம்பு இவனுக்கு, மூளை அவனுக்கு என்று பிரிப்பதில்தானே சாதி நிற்கிறது.

ஆலை வாசலுக்குள் வந்ததும் சாதி செத்துவிடவும் இல்லை. 1921 பி அண்டு சி ஆலை வேலைநிறுத்தத்தில் தொழிலாளர் ஒற்றுமை சாதியாக உடைந்து, புளியந்தோப்பில் சேரி எரிந்தது. ஆகவே 'தொழிலாளி' என்று பொதுவாகச் சொல்லி நாம் தப்பித்துக்கொள்ளவும் முடியாது.

விளையாட்டில் வடசென்னைக்குப் பேர் இல்லாமல் இல்லை. வியாசர்பாடியில் கால்பந்து, ராயபுரம் பக்கம் குத்துச்சண்டை, தெருவுக்குத் தெரு கேரம். உடம்பும் ஒரு பந்தும் போதும் என்கிற ஆட்டங்களில் நம்ம பிள்ளைகள் இருக்கிறார்கள். மூலதனம் கேட்கிற ஆட்டத்தில் நம்ம கை மட்டும்தான் இருக்கிறது, முகம் இல்லை.

2024 ஆகஸ்டு 31, செப்டம்பர் 1 தேதிகளில் தீவுத்திடலைச் சுற்றி ஃபார்முலா 4 கார்கள் இரவில் ஓடின. சுமார் மூன்றரை கிலோமீட்டர் பாதை, வெள்ளம் போல வெளிச்சம், ஆயிரக்கணக்கில் படங்கள். அதே கூவக்கரையில் சத்தியவாணிமுத்து நகர் இருந்தது. ஒடுக்கப்பட்டவர்களுக்காகக் குரல் கொடுத்த ஒரு அமைச்சரின் பேரைத் தாங்கிய குடிசைப்பகுதி அது. 2019 டிசம்பரில் ஆற்றைச் சீரமைக்கிறோம் என்று இடித்து, ஜனங்களைப் பெரும்பாக்கத்துக்கு ஏற்றி அனுப்பினார்கள். பந்தயத்துக்காக இடிக்கவில்லை, உண்மைதான். ஆனால் அந்தப் படங்களில் அந்த ஜனங்கள் இருக்க வாய்ப்பே இல்லாமல் போனதும் உண்மைதான்.

சார்லி விக்கின்ஸ் 1979இல் இறந்தார். அவருடைய கதை பல பத்தாண்டுகள் மூடிக் கிடந்து, வயதானவர்களின் பேச்சையும் வீட்டில் வைத்திருந்த படங்களையும் பழைய கறுப்புப் பத்திரிகைகளையும் தேடிப் போனபோதுதான் வெளியே வந்தது. நம்மிடம் அப்படிப் பத்திரிகைகள் குறைவு. ஆட்கள் இருக்கிறார்கள். சோழவரத்துக்கு வண்டியோடு போனவர்கள், லேத்தில் நின்றவர்கள், டயர் மாற்றியவர்கள் காலடிப்பேட்டையிலும் தண்டையார்பேட்டையிலும் இன்னும் இருப்பார்கள். வயது எழுபதும் எண்பதும் ஆகியிருக்கும். மாணவத் தோழர்கள் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு போகட்டும். டிரங்குப் பெட்டியில் பழைய குரூப் போட்டோ இருந்தால் கேட்டு வாங்கிப் பார்க்கட்டும். ஓரத்தில் குந்தியிருக்கிற ஒவ்வொருவரையும் விரல் வைத்து 'இது யாரு தாத்தா?' என்று கேட்டு, பேரை அந்தப் படத்தின் பின்பக்கத்திலேயே எழுதிவிட்டு வரட்டும்.